சர்க்கரை இருக்கிறது, ஏலகிரி ஏறலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 54. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாக ரத்தக்கொதிப்பு. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. நான்கு மாதத்துக்கு முன் பார்த்த, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 சதவீதம். அவரோடு பள்ளியில் படித்த நண்பர்களில் ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து இலையுதிர்காலப் படங்களை அனுப்பியிருக்கிறார். சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். அதைப் பார்த்ததும் 'நாமும் ஒரு மலைக்குப் போனால் என்ன' என்று பேச்சு கிளம்பி, ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேர் புரட்டாசியில் கவிச்சி தொடமாட்டார்கள் என்பதால், ஐப்பசி பிறந்ததும் வருகிற முதல் சனி, ஞாயிறு என்று நாள் குறித்தாகிவிட்டது. போகும் வழியில் ஆம்பூர் பிரியாணி, சாயங்காலம் மலையில் ஒரு நடை, இரவு தீ மூட்டிக் கோழி சுடுவது, 'கூடவே கொஞ்சம் சரக்கு', மறுநாள் காலை உச்சிக்கு ஏற்றம், திரும்பும்போது இன்னொரு பிரியாணி. ஏலகிரியா, கொல்லிமலையா, கொடைக்கானலா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

வீட்டில் எதிர்ப்பு. "மலை மேல மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்கினு வருவாங்கன்னு பொண்ணு கேக்குது டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். மலையில் ஆக்சிஜன் குறைவு, சர்க்கரைக்காரர் தாங்கமாட்டார் என்பது மகளின் பயம். தெரிந்த மெடிக்கல் கடைக்காரர், நடந்தால் சர்க்கரை தானாக இறங்கிவிடும், இரண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்கிறார். நண்பரோ, பிரியாணி சாப்பிடும் வேளைக்கு ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள் என்கிறார். இன்னொருவர் குளிருக்குப் பிராந்திதான் மருந்து என்கிறார். போகலாமா, வேண்டாமா? போனால் எந்த மலை? முழங்கால் வலி இருக்கும் மனைவியையும் அழைத்துப்போகலாமா? இவைதான் அவர் கேள்விகள்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, இரண்டு வரி: "அண்ணனுக்கு 51 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு." அப்புறம், "ராத்திரியில பாதம் மதமதன்னு இருக்கும். சில நேரம் செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம நாலடி நடந்துடுவேன்."

வணக்கம். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: போகலாம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் சில வேலைகளை முடித்துவிட்டால் தாராளமாகப் போகலாம். சர்க்கரை இருப்பவர்கள் மலையேறக் கூடாது என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. நடை உங்களுக்கு மருந்து. ஆனால் நீங்களும் உங்கள் மகளும் பயப்படுகிற விஷயம் ஒன்று, நான் கவலைப்படுகிற விஷயம் வேறு.

ஆக்சிஜன் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடலாம். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ராயபுரம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் குறையும். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று வரும் உயர மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. ஊட்டியே 2,240 மீட்டர்தான். தமிழ்நாட்டில் நாம் அறை எடுத்துத் தங்கும் மலை ஊர்கள் எதுவும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள். 'யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்' என்று அவர் கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதயத்தைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை உண்டு. வயது 54, சர்க்கரை, பிரஷர், கூடப்பிறந்தவருக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு. இந்த நான்கும் சேர்ந்தவர், ஒரு ஈசிஜி கூட எடுக்காமல் மலை ஏறக் கூடாது. சர்க்கரை பல வருடம் இருந்தால் நெஞ்சுவலி என்கிற எச்சரிக்கை மணியே சிலருக்கு அடிக்காது. மூச்சு வாங்கும், குப்பென்று வேர்க்கும், ஜீரணம் ஆகாத மாதிரி மேல்வயிறு கனக்கும், அவ்வளவுதான். வீட்டில் மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடத்துக்கு முன்பும் இதே அளவுதானா, இப்போது கூடியிருக்கிறதா என்று யோசியுங்கள். கூடியிருந்தால் அதை வயசு என்று தள்ளிவிடாமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். எக்கோவோ டிரெட்மில் சோதனையோ தேவையா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். அதோடு மூன்று மாதச் சராசரி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கண்ணின் விழித்திரைப் பரிசோதனை. இதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் எப்படியும் செய்ய வேண்டியவை. மலையைச் சாக்காக வைத்தாவது செய்துவிடுங்கள்.

பாதத்தைப் பார்த்தீர்களா?

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன அந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், பாதத்தின் நரம்புகள் சர்க்கரையால் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். இது வலிக்காது. வலிக்காததுதான் இதில் இருக்கும் ஆபத்து.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். உங்கள் வயதுதான். ஒரு மலைக்கோயிலுக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பி, சாக்ஸைக் கழற்றினால் வரவில்லை. ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. ஷூவைக் கவிழ்த்தபோது துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கல் விழுந்தது. காலையிலிருந்து அந்தக் கல்லின் மேலேயே நடந்திருக்கிறார். உறுத்தவே இல்லை. புண் ஆறிவிடும் என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் கழித்து வந்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதனால், இந்த வாரமே பாதப் பரிசோதனைக்குப் போங்கள். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடங்களில் அழுத்தித் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். பத்து நிமிட வேலை, ஊசி கிடையாது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருந்தால்கூடப் போகலாம், ஆனால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, இப்போதே ஏதாவது புண் இருந்தாலோ, இந்த வருடம் மலை வேண்டாம்.

ஷூ விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாயங்காலத்தில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் லேசாக வீங்கி அதன் முழு அளவில் இருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும். இன்றைக்கே வாங்கிவிட வேண்டும், பயணத்துக்கு முந்தின நாள் அல்ல. முதல் வாரம் தினம் அரைமணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டுப் பழகுங்கள். மலையில் ஒவ்வொரு முறை போடும்போதும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் அங்கே பிளாஸ்திரி. கொப்புளம் வந்துவிட்டால் உடைக்கக் கூடாது. இரவு படுக்கும் முன் செல்போன் கேமராவால் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். குனிந்து பார்க்கத் தெரியாததெல்லாம் அதில் தெரியும்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாது. இரவு தீ மூட்டி உட்காரும்போது காலை நீட்டிக் குளிர்காயாதீர்கள். மற்ற நால்வருக்கும் சூடு பட்டால் கால் தானாக இழுத்துக்கொள்ளும். உங்கள் கால் இழுத்துக்கொள்ளாது. அறையில் வெந்நீரில் கால் வைப்பதும் அப்படியே. கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

மாத்திரைக்கும் தட்டுக்கும் நடுவே

உங்கள் திட்டத்தில் மிகவும் ஆபத்தான நேரம் உச்சி ஏறுகிற ஞாயிறு காலை என்று நினைத்திருப்பீர்கள். என் கணக்கில் அது சனிக்கிழமை இரவு எட்டிலிருந்து விடிகாலை வரை.

எப்படி என்று சொல்கிறேன். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மேடும் பள்ளமுமாக நடந்திருப்பீர்கள். அந்த நடையில் செலவான சர்க்கரையைத் தசைகள் ரத்தத்திலிருந்து இரவெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு வழக்கப்படி எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிடுவீர்கள். கரி பிடிக்கத் தாமதம், மசாலா ஊறவில்லை, ஒருவர் எண்ணெய் வாங்கப் போயிருக்கிறார் என்று கோழி வேக மணி பத்தரை ஆகிவிடும். கிளிமிபிரைடு என்ன செய்யும்? நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் இரண்டு ரவுண்டு சரக்கு போனால், ஈரல் அதைக் கரைக்கும் வேலையில் இறங்கி, அவசரத்துக்குச் சர்க்கரை தயாரித்து விடுவதை நிறுத்திவிடும். மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை 50-க்கும் கீழே போகலாம். அப்போது உளறுவீர்கள், தள்ளாடுவீர்கள். 'மச்சானுக்கு ஏறிடுச்சு' என்று சொல்லி நண்பர்கள் போர்வையைப் போர்த்திப் படுக்கவைத்துவிடுவார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான்.

மெடிக்கல் கடைக்காரர் சொன்னபடி மாத்திரையை அடியோடு நிறுத்தினால், பிரியாணியும் சேர்ந்து சர்க்கரை 300, 400 என்று ஏறி, நாக்கு வறண்டு, அடிக்கடி சிறுநீர் போய், ஞாயிறு காலை உடம்பில் நீர் இல்லாமல் எழுந்திருப்பீர்கள். நண்பர் சொன்னபடி இரண்டாகப் போட்டால் தாழ்சர்க்கரை. இருவரும் உங்கள் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் இரண்டுமே தவறு. நடை இருக்கிற நாளுக்கு கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டுமா, எவ்வளவு என்பதை உங்களுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெட்பார்மின் மட்டும் இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை, அது தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்துவது அபூர்வம்.

மலையில் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போடாதீர்கள். சாப்பாடு தட்டில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். கோழி வருகிறபோது வரட்டும், எட்டு மணிக்கு உங்களுக்கென்று இரண்டு சப்பாத்தியோ இட்லியோ சொல்லிவைத்துச் சாப்பிட்டுவிடுவது இன்னும் நல்லது. குளுக்கோமீட்டரை எடுத்துப்போங்கள். நடைக்கு முன் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 300-ஐத் தாண்டி உடம்பும் சோர்வாக இருந்தால் அன்று நடை வேண்டாம். படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, பேச்சில் குழப்பம் வந்தால், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் ஏதாவது சாப்பாடு. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். ஆகவே குளுக்கோஸ் பவுடர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை நண்பர்கள் நால்வருக்கும் சொல்லிவையுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடால் வந்த தாழ்சர்க்கரை ஒருமுறை சரியானாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், அதனால் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

சரக்கைப் பற்றி என் கருத்து ஒளிவுமறைவு இல்லாதது. இந்தப் பயணத்தில் உங்களுக்கு வேண்டாம். குளிருக்குப் பிராந்தி மருந்து என்பதும் தவறு. தோலிலுள்ள ரத்தக்குழாய்களை அது விரியவைப்பதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். ஒரு ஸ்வெட்டரும் மிளகு தூக்கலான சூப்பும் போதும். உங்கள் நண்பர்களில் குடிக்காதவர் ஒருவராவது அன்று இரவு இருக்க வேண்டும். மகள் கேட்ட 'யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்' என்ற கேள்விக்குப் பதில் அவர்தான். அவருடைய செல்போன் எண்ணை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த மலை?

கொடைக்கானல் அழகு. ஆனால் இரண்டு நாளில் ஒரு இரவு போக, ஒரு இரவு வர பஸ்ஸிலேயே போய்விடும். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் பிரஷரும் கெடும். வண்டியில் போனால் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். கொல்லிமலை எனக்கு மிகவும் பிடித்த இடம், மிளகும் அங்கே கிடைக்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் மறக்காது. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். அதில் ஒரு சிக்கல். மற்ற மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறுவோம், களைத்த பின் இறங்குவோம். இங்கே சிரிப்பும் பேச்சுமாக இறங்கிவிட்டு, களைத்த காலோடு திரும்ப ஏற வேண்டும். நடுவில் முடியவில்லை என்றாலும் வேறு வழி கிடையாது. முதல்முறை போகிற உங்களுக்கு இது வேண்டாம்.

ஏலகிரிதான் என் தேர்வு. சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை, அங்கிருந்து பதினான்கு வளைவு ஏறினால் மலை. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், வாசித்துக்கொண்டே போகலாம். மேலே பெரும்பாலும் சமதளம். சுவாமிமலை உச்சி சுமார் 1,300 மீட்டர், அதாவது ஊரிலிருந்து இன்னும் 200 மீட்டர் ஏற்றம். உங்கள் மூன்று மாடி வீட்டை இருபது தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். பாதியில் திரும்பினாலும் நஷ்டமில்லை. ஏதாவது ஆனால் திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு.

நண்பர் ஒருவர் 'உள்ளூர்ப் பையனுக்குக் காசு கொடுத்தால் காட்டுக்குள்ளே கூட்டிப்போவான்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் ஏற்பாடு செய்திருக்கிறது. ஏலகிரி சுவாமிமலை அதில் ஒன்று. பதிவு செய்யும்போது உடல்நிலை பற்றிக் கேட்டால் சர்க்கரையை மறைக்காதீர்கள். வழிகாட்டியிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். வரிசையில் கடைசியாக நடப்பதில் வெட்கமில்லை.

மழையை யோசித்தீர்களா? ஐப்பசி என்றால் நமக்கு அடைமழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதே அக்டோபர் 20 வாக்கில்தான். வெளிநாட்டுப் படத்தில் இருக்கும் சிவப்பு இலை நம் மலையில் கிடைக்காது. நம் கூதிர் காலமான ஐப்பசி, கார்த்திகையில் மலை கழுவிவிட்ட பச்சையாக இருக்கும், மேகம் கையெட்டும் தூரத்தில் வரும். எனக்கு அதுவே பிடிக்கும். ஆனால் பாறை வழுக்கும், பிற்பகலில் இடி இடிக்கும். ஆகவே காலை ஆறரைக்குள் கிளம்பி, பதினொன்றுக்குள் இறங்கிவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் பிடிவாதம் வேண்டாம், மழை ஓய்ந்து தை மாதத்தில் போகலாம் என்று இப்போதே இன்னொரு தேதி குறித்துவையுங்கள். மாற்றுத் தேதி கையில் இருந்தால் ரத்து செய்ய மனம் வரும். பிப்ரவரி பாதிக்கு மேல் தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள், அதற்குள் போக வேண்டும்.

ஆறு வாரத்தில் கால்களைத் தயார்செய்வது

வடசென்னை தட்டையான ஊர். நமக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிப் புகையில் நடக்காதீர்கள். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். முதல் வாரம் தினம் அரைமணி நேரச் சமதள நடை. இரண்டாவது வாரத்திலிருந்து அதோடு வீட்டு மாடி மூன்று தடவை, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட்டிக்கொண்டே போய், ஐந்தாவது வாரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை. இடையிடையே நின்று நின்று ஏறினால் போதும். பக்கத்தில் வருபவரோடு தொடர்ந்து பேச முடிகிற வேகமே சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அது மலையில் வராமல் வீட்டுப் படியில் வந்ததே நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வாரத்தில் ஒத்திகை பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்குப் பக்கம் குடியம் குகைகள். அதுவும் அந்த நாற்பது பாதைகளில் ஒன்று. பக்கத்திலிருக்கும் அத்திரம்பாக்கத்தில்தான் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் கற்கால மனிதனின் கருவிகளைக் கண்டெடுத்தார். கல்லும் சரளையுமான பாதை. புது ஷூ, சாக்ஸ், மீட்டர், மாத்திரை எல்லாவற்றையும் அங்கே ஒருமுறை பழகிப் பார்த்துவிடலாம். எங்கே தவறுகிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

மனைவியைத் தாராளமாக அழைத்துப்போங்கள், உச்சிக்கு மட்டும் வேண்டாம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. அவர் புங்கனூர் ஏரியைச் சுற்றி நடக்கட்டும், படகில் போகட்டும். நண்பர்களும் குடும்பத்தோடு வந்தால் சரக்குப் பேச்சு தானாகக் குறையும் என்பது என் அனுபவம்.

பிரியாணியை விட்டுவிடுங்கள் என்று சொல்லப்போகிறேன் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. ஆனால் இரண்டு நாளில் இரண்டு பிரியாணி வேண்டாம், ஒன்று போதும், அதுவும் ஞாயிறு இறங்கி வரும்போது. காலையில் நடந்த தசைகள் சர்க்கரையை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் நேரம் அது. சனிக்கிழமை போகும்போது சாப்பிட்டால் பதினான்கு வளைவில் வயிற்றைப் புரட்டும் என்பது தனி. ஆம்பூரில் உட்கார்ந்ததும் முதலில் வெங்காயப் பச்சடி, கத்திரிக்காய், அப்புறம் கறித்துண்டுகள், கடைசியாகச் சோறு என்று சாப்பிடுங்கள். அதே சாப்பாடுதான், ஆனால் இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. ஒரு பிளேட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். சீரகச் சம்பா வாசனைக்குப் பாதிப் பிளேட்டே மனதை நிறைக்கும். கூல் டிரிங்க்ஸ் வேண்டாம். சாப்பிட்டவுடன் வண்டியில் ஏறாமல் பதினைந்து நிமிடம் கடைவீதியில் நடங்கள்.

வந்த பிறகு காய்ச்சல் வந்தால்

இதை யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். மழைக்காலத்தில் புல்லிலும் புதரிலும் கண்ணுக்கே தெரியாத சிறு உண்ணிகள் இருக்கும். அவை கடிப்பதால் வருவது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். கடித்த இடத்தில் வலியே இல்லாமல் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று நாம் பார்க்காத இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரையில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். புல்லில் வெறுமனே உட்காராமல் ஒரு பாய் விரித்து உட்காருங்கள். நடை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியை மறுபடி போடாமல் துவைக்கப் போட்டுவிடுங்கள். கடித்துக் காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். அதற்குள் மலையையே மறந்துபோயிருப்பீர்கள். நவம்பரில் நம் பகுதியில் காய்ச்சல் என்று போனால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது டெங்கு. பிளேட்லெட்டைப் பார்த்துக்கொண்டே நாலு நாள் ஓடிவிடும். அதனால் திரும்பிவந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்தவுடன் முதலில் சொல்ல வேண்டியது, "டாக்டர், நான் ஏலகிரி போய்விட்டு வந்தேன்."